தாத்தாவின் சாவுக்கு என் முகம்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ள’ வரும் என்பதில் எனக்கும் தமிழுக்கும் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. நான் எழுதியதைத் திருத்தி டைப் அடித்துத் தருகிறேன் என்று சொன்ன பெண், இந்தக் கதையில் வரும் இரண்டு மாணவர்களில் ஒருத்தி. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது எழுத்தா, இல்ல மீன் முள்ள வரிசையா ஒட்டி வெச்சிருக்கீங்களா?” என்றாள். திருத்திய பிறகும் தப்பு இருந்தால் அது அவளுடையது.

நான் ராயபுரத்தில் ஒரு மன்றத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களை நினைவுகூர்வதற்கான மன்றம். பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது. போர் முடிந்து எண்பது வருடம் ஆகிவிட்டதால் அவசர வேலை எதுவும் வராது. காலையில் கதவைத் திறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தொப்பிகள், பதக்கங்கள், ஓட்டை விழுந்த ஒரு தண்ணீர்க் குடுவை இவற்றின் மேல் படிந்த தூசியைத் துடைப்பேன். மறுநாள் துறைமுகத்துக் காற்று அதே தூசியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். எனக்குப் பேச வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். செத்தவர்கள் யாரும் நம்மிடம் கேள்வி கேட்பதில்லை என்பதால் இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

மன்றத்தை நடத்துபவர் கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கேப்டன். அவர் மீசைக்கே தனியாகச் சம்பளம் கொடுக்கலாம், அவ்வளவு வேலை செய்யும். நவம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு, கிடங்கின் முன்வாசலில் இரண்டு நிமிட மௌன அஞ்சலி நடத்துவதற்காகவே அவர் மற்ற நாட்களில் உயிரோடு இருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு நிமிடம் யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. எங்களிடம் ஊதுகுழல் ஊத ஆள் இல்லை, போனில் போட்டு ஒலிபெருக்கியில் விடுவோம். ஒரு வருடம் ஊதுகுழல் பாதியில் நின்று, “தீராத மூட்டு வலியா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது. வந்திருந்த பழைய ராணுவத்தார் எல்லோருக்கும் மூட்டு வலி உண்டு. இருந்தும் ஒருவரும் அசையவில்லை. கேப்டன் அன்று முழுக்கப் பெருமையாக இருந்தார்.

அந்த இரண்டு நிமிடம் எனக்கும் பிடிக்கும். வருடத்தில் அப்போது மட்டும்தான் எல்லோரும் என்னைப் போல இருப்பார்கள்.

அக்டோபர் பிறந்தால் கல்லூரிகளில் இருந்து பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்று வருவார்கள். ஒரு மாதம் இருந்தால் கேப்டன் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கிடைக்கும். வந்ததும் வைஃபை பாஸ்வேர்டு கேட்பார்கள். இங்கே வைஃபையே கிடையாது என்று சொன்னதும் அவர்களுக்குப் போரின் கொடுமை புரிய ஆரம்பிக்கும்.

போன வருடம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் பெசன்ட் நகர்ப் பையன், நெட்டை. ராயபுரம் என்றதும் அவன் அம்மா பையில் மாஸ்க்கும் கை கழுவுகிற மருந்தும் வைத்து அனுப்பியிருந்தார். தமிழ் பேசுவான், படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவான். இன்னொருத்தி பெரம்பூர்ப் பெண். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை. அவளுக்கு எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை, வாயைத் திறந்தால் ரயில் ஓடும்.

கேப்டன் அவர்களிடம் கொடுத்த வேலை இதுதான். அந்தப் போரில் சரக்குக் கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்களின் குடும்பங்களைத் துறைமுகப் பக்கத்தில் தேட வேண்டும். சிப்பாய்களுக்குக் கல் நட்டிருக்கிறார்கள், கப்பலில் கரி தள்ளியவர்களுக்கு ஒன்றும் இல்லை என்பது அவருடைய வருத்தம். பிள்ளைகள் காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று மழையில் நனைந்தபடி மூன்று வாரம் அலைந்தார்கள். நிறைய டீ கிடைத்தது, குடும்பம் கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, “எங்க தாத்தா ஒருத்தரு போனாரு” என்றேன்.

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏண்ணே, மூணு வாரமா நாயா சுத்துறோம். மொத நாளே சொல்றதுக்கு இன்னா?”

“யாரும் கேக்கலியே.”

தாத்தா நீராவிக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற வேலையில் இருந்தவர். சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஒரு சரக்குக் கப்பலில் ஏறிப் போனார். கப்பலும் வரவில்லை, அவரும் வரவில்லை. அப்போது என் அப்பா தவழ்கிற பிள்ளை, அத்தை வயிற்றில் இருந்தாள்.

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில், கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு நாள் குறிப்பார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் அவனுடைய வேட்டியையோ வலையையோ வைத்து, மேளம் அடித்து, எல்லாம் செய்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் அவன் செத்தவன். அதுவரைக்கும் அவன் வர வேண்டியவன். தாத்தா விஷயத்தில் பெரியவர்கள் தயங்கியிருக்கிறார்கள். கட்டுமரம் என்றால் கணக்குத் தெரியும், இது கப்பல், அதிலும் சண்டை, எந்த ஊரில் மாட்டிக்கொண்டானோ, பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். பொறுத்துப் பார்த்த பெரியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். தாத்தா மட்டும் சாகவில்லை.

பிள்ளைகளை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அத்தை முட்டி தேயும்வரை மார்க்கெட்டில் மீன் விற்றவள். அவள் ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். வாசலில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். பையன் போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

“அம்மா, போரைப் பத்தி உங்க ஃபீலிங்ஸ் என்ன?”

“இன்னா பீலிங்கு? எங்கப்பன் கீறானா பூட்டானா, அத்த சொல்லு மொதல்ல.”

பையன் என்னைப் பார்த்தான். நான் நண்டைப் பார்த்தேன். பெரம்பூர்ப் பெண்தான் முன்னால் குந்தி உட்கார்ந்து, “ஆயா, உசுரோட இருந்தா இன்னேரம் நூத்திப் பத்து வயசு ஆவும். பூட்டாரு ஆயா. நான் சொல்றேன்” என்றாள்.

“நீ யாருடி சொல்றதுக்கு? ஊரு சொல்லணும். மோளம் அடிச்சி, பூ வாரிப் போட்டு, நாலு பேரு நடந்து போவணும். எங்கம்மா சாவுற வரிக்கும் பொட்டு வச்சிகினு குந்திகினு இருந்தா. தாலியோடதான் பொதச்சோம். எனக்கும் காலு பூட்ச்சி. நாளிக்கு நான் மேல போனா, ‘அந்தாளு இன்னாடி ஆனாரு’ன்னு அவ கேப்பா. நான் இன்னாத்த சொல்றது?” நண்டுக் காலால் என்னைக் காட்டினாள். “இத்தோ நிக்குறானே பேரன். ஊருல போயி வாயத் தொறந்து கேளுடான்னு எத்தினி வருசமா சொல்றேன். கெண்ட மீனு மாதிரி தொறக்குறான், மூடுறான். சத்தம் வர்ல.”

பையன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டான். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பதிவு செய்ததை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தான். அப்புறம், “அண்ணா, அவங்களுக்கு நம்ம ஏதாவது செய்யணும்” என்றான். அவன் அம்மா கொடுத்த மாஸ்க் அப்போது அவன் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் கேப்டனின் மீசை நிமிர்ந்தது. இந்த முறை அஞ்சலியில் தாத்தாவின் பெயரை வாசிப்போம், வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் வைப்போம், அத்தையை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைப்போம் என்றார். பெயரை வாசிப்பது அத்தைக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். மேளம் வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

ஃபிளெக்ஸ் போடுவதற்கு என்னையும் பையனையும் அனுப்பினார்கள். திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த கடை. கடைக்காரர் தினமும் சாவு பேனர் அடிப்பவர். பையன் நிகழ்ச்சி நடக்கும் இடம், நேரம், தாத்தாவின் பெயர், எல்லாவற்றையும் போனில் காட்டினான்.

“அஞ்சலி தான தம்பி? உடு, என் வேல. போட்டோ?”

“போட்டோ இல்ல.”

“மூஞ்சி இல்லாம எவன் நின்னு பாப்பான்?” கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செத்தவரு உனக்கு இன்னா வேணும்?”

“தாத்தா.”

“அப்ப ஜாட இருக்கும். சுவத்தாண்ட நில்லு தலீவா.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைப்பதற்குள் படம் எடுத்துவிட்டார். அதற்குள் பையனுக்கு வேறு உற்சாகம் வந்துவிட்டது. கணினியில் என்னைக் கறுப்பு வெள்ளையாக்கி, கப்பல்காரர் தொப்பி வைத்து, மீசையைக் கொஞ்சம் நீட்டி, கழுத்தில் ரோஜா மாலை போட்டார்கள். பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு தானாகவே வந்து நின்றது. எனக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் வெளியே போய் சர்பத் குடித்தேன். பையன் திரையில் இருந்த தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை இல்லாமல், “சூப்பர் அண்ணா” என்று ஓகே சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரவு நான் மன்றத்திலேயே படுத்துவிட்டேன். காலையில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கடைப் பையன்கள் வந்து ஃபிளெக்ஸை வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள். பத்தடி உயரத்தில் நான் மாலையோடு நின்றேன். பெரம்பூர்ப் பெண் வந்தாள், அண்ணாந்து பார்த்தாள், முதலில் சிரித்தாள். அப்புறம் கீழே இருந்ததைப் படித்தாள்.

“அண்ணே! ‘கண்ணீர் அஞ்சலி. இறுதி ஊர்வலம் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ராயபுரம் கிடங்கு வாசலிலிருந்து புறப்படும்’னு போட்டுக் கீது!”

கடைக்காரர் தினமும் அடிக்கிற சாவு பேனரில் பெயரையும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றியிருக்கிறார். பையன் அப்போதுதான் எழுத்துக் கூட்டி அதைப் படித்தான். அந்த வரியின் மேல் ஒரு தேசியக் கொடியைத் தொங்கவிட்டு மறைக்கலாம் என்றான். மறைத்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி போன் செய்தாள்.

“நீ செத்துட்டியாம். வூட்டாண்ட ஒரே கூட்டம். குப்பத்து முனையில பேனர் கட்டிக் கீறாங்க.”

சாவு பேனர் என்றால் இரண்டாக அடித்து, ஒன்றைப் பிணம் எடுக்கும் இடத்திலும் இன்னொன்றைச் செத்தவர் தெருமுனையிலும் கட்டுவது அந்தக் கடையின் வழக்கம்.

“நான் சாவல.”

“அதான் பேசுறியே, தெர்து. உங்க அத்த எல்லாருக்கும் சொல்லிகினு கீது, செத்தது நீ இல்ல, உன் தாத்தான்னு. மோளத்துக்கு ஆள் போயிடுச்சி. வரும்போது பால் வாங்கினு வா.”

கேப்டனிடம் சொல்லியாக வேண்டும். அவர் வெள்ளைச் சீருடையில் பதக்கங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன், மூடினேன். அத்தை சொன்னது சரிதான். கேப்டன் நிமிராமலே, “இன்னைக்கு ஒரு ஈ கூட அசையக் கூடாது, புரியுதா? அசைஞ்சா அந்தப் பசங்களுக்கு சர்டிபிகேட் கிடையாது, உனக்கு வேலை கிடையாது” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். அத்தையைக் கூட்டி வர வண்டி அனுப்பவா என்று பையன் கேட்டான். அவளே வந்துவிடுவாள் என்றேன்.

பதினொரு மணி. லேசான தூறல். பழைய ராணுவத்தார் ஆறேழு பேர் விறைப்பாக நின்றார்கள். ஊதுகுழல் விளம்பரம் இல்லாமல் முடிந்தது. கேப்டன் தாத்தாவின் பெயரை வாசித்து, கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் அடித்தார். மௌனம் தொடங்கியது.

முதலில் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி போனது. அதற்குப் பின்னால் மேளம் கேட்டது.

தூரத்தில் கேட்டது வேகமாகப் பக்கத்தில் வந்தது. வெடி வெடித்தது. திருப்பத்தில் ஒரு குட்டியானை லாரி வந்தது. அதன் மேல் குப்பத்து முனையில் கட்டியிருந்த பேனர், பேனரில் நான். வண்டிக்கு முன்னால் பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினார்கள். ஒருவன் கூடை கூடையாக ரோஜா இதழை வாரி இறைத்தான். எங்கள் தெருவே பின்னால் நடந்து வந்தது.

யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்றால் பேச வேண்டும். பேசக் கூடாது என்பது கேப்டனின் சட்டம். அவரே போட்ட சட்டத்துக்குள் அவர் சல்யூட் அடித்தபடி மாட்டிக்கொண்டு நின்றார். தொப்பியில் பூ விழுந்தது, மீசையில் விழுந்தது. காலடியில் வெடி வெடித்தது. கண் மட்டும் சிவந்தது. நெட்டைப் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நடுங்கினான். பயத்தில் நடுங்கினானா சிரிப்பிலா என்று தெரியவில்லை. பெரம்பூர்ப் பெண்ணின் கட்டைவிரல் மட்டும் மேளத்துக்குத் தாளம் போட்டது.

ஆடிக்கொண்டிருந்த ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான். “டேய், போட்டோல கீறவன் இங்க நிக்குறான்டா!”

“கம்முனு இரு சோமாரி, அது பேரன்” என்று வண்டியின் முன்சீட்டில் இருந்து அத்தை கத்தினாள். கையைத் தூக்கினாள், மேளம் நின்றது. அவள் மடியில் ஒரு மண்பானை இருந்தது. “டேய் நைனா, இன்னாத்துக்குக் கொடிக்கம்பம் கணக்கா நிக்குற? உங்க தாத்தன் வந்துட்டான். பானைய எவன் ஒடைப்பான், அந்த மீசக்காரனா?”

இப்போது நிஜமாகவே மௌனம். கேப்டன் எதிர்பார்த்த மாதிரியான மௌனம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதைவிடக் கொடுமையான ஒன்றை அந்தப் போரில் கூட யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள். இன்னும் ஒரு நிமிடம் நின்றால் வேலை இருக்கும். வண்டி திரும்பிப் போனால், அத்தையின் முட்டிக்கு இன்னொரு முறை வர முடியாது.

வரிசையில் இருந்து வெளியே வந்தேன். கேப்டனுக்கு எதிரில் போய் நின்றேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

“சார், எங்க தாத்தா செத்துட்டாரு. அர நாள் லீவு வேணும்.”

தெருவே அதைக் கேட்டது. வண்டியில் இருந்து அத்தை, “அப்பா!” என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பழைய ராணுவத்தாரில் இரண்டு பேர் அசைந்துவிட்டார்கள். பிறந்ததில் இருந்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லி யாரையும் கூப்பிட்டதில்லை. எங்கள் தெருப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

கேப்டன் கடிகாரத்தைப் பார்க்காமலே இரண்டு நிமிடம் முடியும்வரை கையை இறக்கவில்லை. இறக்கிய பிறகு மீசையில் இருந்த பூவை எடுத்துப் பார்த்தார். அத்தையிடம் போய், “இதுக்கெல்லாம் யார் அனுமதி குடுத்தது?” என்றார்.

“எங்கப்பன் சாவுக்கு எவன்யா அனுமதி குடுக்கணும்?”

கேப்டன் தொப்பியில் இருந்த பூவையும் தட்டிவிட்டார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கத்தினார். “ஊர்வலமா இது? மார்க்கெட் மாதிரி இருக்கு! ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க!”

“யாரு மாமு இவரு, மேஸ்திரியா?” என்று ஆடியவன் கேட்டான். ஆனால் நின்றார்கள். குடித்திருந்தவர்களை அவர் தோளைப் பிடித்து நேராக்கினார். காசிமேட்டுக் கடற்கரைவரை மேளத்துக்கு ஏற்ப அணிவகுத்துப் போன சாவு ஊர்வலத்தை வட சென்னை அதற்கு முன் பார்த்திருக்காது. முன்னால் நான் பானையோடு. பின்னால் வண்டியில் நான் மாலையோடு. நெட்டைப் பையன் பாதி வழியில் சட்டையைக் கழற்றிவிட்டான். அவன் ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

தண்ணீர் ஓரத்தில் தோளில் பானையோடு சுற்றி வந்து, பின்பக்கமாகப் போட்டு உடைத்தேன். மன்றத்தின் மலர் வளையத்தைக் கேப்டன் அலையில் விட்டார். பேனரையும் விடலாம் என்று ஒருவன் தூக்கி வந்தான். “பிளாஸ்டிக்க கடல்ல போட்டீங்கன்னா மீனெல்லாம் செத்துடும்” என்று பெரம்பூர்ப் பெண் மறித்தாள். கொளுத்தினால் கலீஜாக நாறும் என்றான் இன்னொருவன். அத்தை முடிவு செய்தாள். “குடு இங்க. என் வூட்ல மழ ஒழுவுது.”

அன்று மாலை பாலோடு வீட்டுக்குப் போகும் வழியில் அத்தையைப் பார்த்தேன். அவள் அம்மாவின் படத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியின் மேல் குங்குமப் பொட்டு இருந்தது. இனி அதை அழிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்கிறாள். அத்தை ஈரத்துணியை எடுத்தாள். பொட்டைச் சுற்றி இருந்த தூசியை மட்டும் துடைத்தாள்.

“அவன் செத்ததுக்கு இவ இன்னா பண்ணுவா? இருக்கட்டும்” என்றாள்.

எனக்கு வேலை போகவில்லை. அரை நாள் லீவை மட்டும் கேப்டன் கழித்துக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார். பையனுடையதில், பொதுமக்களைப் பெருமளவில் திரட்டினார் என்று எழுதியிருந்தது. அது பொய் இல்லை.

தாத்தாவுக்கு இப்போது ஒரு சாவு நாள் இருக்கிறது. நவம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு. இன்று முதல் வருடம். காலையில் மௌன அஞ்சலி முடிந்ததும் எல்லோரும் அத்தை வீட்டுக்கு வந்தோம். நண்டுக் குழம்பு. கேப்டன் நண்டின் ஓட்டை உடைக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் குழம்பு ஆக்கிக்கொண்டார். கூரைக்கு உள்பக்கமாக அத்தை பேனரைக் கட்டியிருக்கிறாள், முகம் கீழே பார்க்கிற மாதிரி. மாலையோடும் மீசையோடும் நான் எங்கள் எல்லோருடைய இலையையும் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை முதல் கவளத்தை எடுக்கும் முன் அண்ணாந்து, “துன்றியாப்பா?” என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

அந்த வீட்டிலேயே ஓரமாக உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

9-11-2025, ஞாயிறு.